வைப்புத் தொகை

மூன்றாம் மாடிக் கோப்பறையைக் காலி செய்யச் சொன்னார்கள்.
நான் ஒப்பந்த ஊழியர்.
ஒரு முகமூடி, ஒரு ஜோடி கையுறை,
துணைக்கு ரோஸ்னா.
ஏழாண்டு கடந்த எதையும் அழிக்கலாம்.
அழிப்பதற்கும் ஒரு பாரம் உண்டு,
மூன்று பிரதி.

கரையான் தின்ற மிச்சத்தில் கிடைத்தது
சுங்கை மெராந்தி நகர சபைத் தேர்தல் விதிகள்.
தட்டச்சுக்காரர் ஓங்கி அடித்திருக்கிறார்,
வட்ட எழுத்தெல்லாம் ஓட்டை.
தூக்கிப் பிடித்தால் ஒவ்வொரு விதியிலும்
ஜன்னல் தெரிகிறது.

"இந்த ஊரிலா? தேர்தலா?"
ரோஸ்னா சிரித்ததில் தூசி பறந்தது.

நடந்திருக்கிறது.
நிற்பவர் திவாலாகியிருக்கக் கூடாது, பைத்தியமாகவும்.
முன்மொழிய ஒருவர் வேண்டும், வழிமொழிய இன்னொருவர்.
வைப்புத் தொகை ஐம்பது வெள்ளி,
எட்டில் ஒரு பங்கு வாக்கு விழாவிட்டால் அது சபைக்கு.
சரிசமமாய் வந்தால் திருவுளச்சீட்டு.
எழுத்தறியாதவர்களுக்காகப் படகு, சாவி, குடை, சேவல்.
சேவலின் கொண்டையை யாரோ
பென்சிலால் பெரிதாக்கியிருந்தார்கள்.

அதனடியில் ஒரு காக்கி உறை.
வீ. சடையாண்டி, பால்வெட்டு,
கிளன்மோர் தோட்டம், நான்காம் லயம், ஏழாம் கதவு.
வேட்புமனு தள்ளுபடி.
காரணம், வசிப்பிடம் எல்லைக்கு வெளியே.

வரைபடத்தை விரித்தேன்.
சிவப்பு மைக்கோடு கடைத்தெருவைச் சுற்றி
போலீஸ் நிலையத்தை அணைத்து
கள்ளுக்கடையையும் விடாமல் சேர்த்துக்கொண்டு
தோட்டத்துக் கால்வாய் வந்ததும்
நடுத்தண்ணீரில் இறங்கிப் போகிறது.

சடையாண்டி அரிசி வாங்கியது இந்தப் பக்கம்.
படம் பார்த்ததும்,
சைக்கிளுக்கு லைசன்ஸ் கட்டியதும் இந்தப் பக்கம்.
தூங்கியதுதான் அந்தப் பக்கம்.
'இரவில் உறங்குமிடமே வசிப்பிடம்',
விதி பதினொன்று.

உறைக்குள்
பணம் அப்படியே இருந்தது.
ஒரு வெள்ளித் தாள் முப்பத்தொன்று,
மீதிக்குப் பத்துக் காசும் இருபது காசும்.
தாள்களில் பால்கறை காய்ந்து
ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது.
ஐம்பது வெள்ளி ஒருவன் சட்டைப்பையில்
இப்படிச் சேராது.
ஒரு லயமே கதவு கதவாய்க் கொடுத்திருக்கிறது.

பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி
சபை மூன்று கடிதம் போட்டிருக்கிறது,
மூன்றும் ஆங்கிலத்தில்.
மூன்றாவது மட்டும் திரும்பி வந்திருந்தது.
அதன் முதுகில் தமிழ்,
கோடு போட்ட தாளில் எழுதிப் பழகிய கை:
"பணம் அங்கேயே இருக்கட்டும்.
அடுத்த தேர்தலுக்கு வருகிறேன்."

அடுத்த தேர்தல்.

கோப்பில் அதற்குப் பிறகு தாள் இல்லை.

தோட்டம் இப்போது தாமான் கிளன்மோர்.
எல்லைக் கோடு எங்களைத் தாண்டி
செம்பனைக்குள் போய்விட்டது.
வரி ரசீது தவறாமல் வருகிறது.
கால்வாய் என் சமையலறைக்குப் பின்னால்,
பெருமழைக்கு உள்ளேயும்.
முகப்பில் உட்கார்ந்து புகார் எண் கொடுப்பவள் நான்தான்.
போன மாதம் எனக்கே ஒன்று
கொடுத்துக்கொண்டேன்.

உறுப்பினர்களை மேலேயிருந்து நியமிக்கிறார்கள்.
வரிசையாய்ப் படங்கள், ஒரே நீலப் பின்னணி.
லாமினேட் செய்து மாட்டுவதும் நான்.
எங்கள் தாமானுக்கு யார் என்று கேட்டால்
எழுந்துபோய்ப் பார்த்துத்தான் சொல்வேன்.

அழிப்புப் பாரத்தில் ஒரு கட்டம், 'மதிப்பு'.
"செல்லாத காசு, பூஜ்யம் போடு"
என்றாள் ரோஸ்னா.
மணி ஒன்றாகப் போகிறது, அவளுக்குப் பசி.

சடையாண்டி தூங்கிய பக்கம்தான்
நானும் தூங்குகிறேன்.

ஐம்பது வெள்ளி, என்று எழுதினேன்.
நிலுவை.
உரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் பிரதியில் மங்கலாய் விழுந்திருந்தது.
கார்பனைத் திருப்பி வைத்து
அதன்மேலேயே இன்னொரு தடவை
அழுத்தி எழுதினேன்.