வலி லீவு போட்ட நாள்

வயிற்றுக்குள் ஒன்றும் இல்லையாம்.
குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள்,
ரத்தத்தை சாந்தியாகோவுக்கு விமானத்தில் அனுப்பினார்கள்.
நான் இன்னும் விமானம் ஏறியதில்லை.
"எல்லாம் சுத்தம், தோன் எலெயுதேரியோ" என்றார் சின்ன டாக்டர்,
நல்ல சேதி சொல்கிற முகத்தோடு.
அதே மூச்சில், பேனா மூடியைக் கடித்தபடி:
"நாளைக்கு மனநல டாக்டர் வருவார். சும்மா பேச."

சும்மா.
முப்பத்தொரு வருஷம் ஆட்டு ரோமம் கத்தரித்திருக்கிறேன்,
நாளொன்றுக்கு நூற்றைம்பது ஆடு.
சும்மா பேச யாரும் வந்ததில்லை.

பக்கத்துக் கட்டில் ஒனோஃப்ரே, நண்டு பிடிக்கிறவன்,
நேற்றுவரை என் ரொட்டியில் பாதி தின்றவன்,
பழம் நறுக்கும் கத்தியைத் தன் மேசைக்கு நகர்த்தினான்.
வேறெதற்காகவாவது இருக்கலாம்.

மனைவிக்குப் போன் செய்தேன்.
வெகுநேரம் காற்றின் இரைச்சல் மட்டும்.
பிறகு, "சீட்டில் எழுதிவிட்டார்களா?"
எழுதிவிட்டார்கள்.
"பண்ணையில் கேட்டால்?"
கல் என்று சொல். பித்தப்பையில் கல்.
கல்லுக்கு ஊரில் மரியாதை உண்டு.

ராத்திரி முழுக்க ஒத்திகை.
தேதி, கிழமை, ஜனாதிபதி பெயர்,
நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல்.
விடியுமுன் சவரம். கழுத்துவரை பொத்தான்.
பைத்தியம் சவரம் செய்யாது என்று ஓர் எண்ணம்,
இத்தனை மழமழப்பு சந்தேகத்துக்கு இடமோ என்று அடுத்தது.

அப்போதுதான் கவனித்தேன்:
வலியைக் காணோம்.
நாலு மாதம் ஞாயிறுகூட விடாமல் வந்தது
அன்றைக்குப் பார்த்து லீவு.
அழுத்தினேன். முஷ்டியால் இடித்தேன்.
எனக்கிருந்த ஒரே சாட்சி
கோர்ட்டு வாசலில் நழுவிவிட்டது.

பதினொன்றே கால். டாக்டர் யாஸ்னா.
ஜலசந்திக் காற்றில் என்னைவிடக் கலைந்த தலை,
கோட்டில் ஒரு பொத்தான் இல்லை.
உட்கார்ந்தார்.
இந்த ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நான் பார்த்த முதல் டாக்டர்.
தேதி கேட்கவில்லை.
"இன்றைக்கு வலி எப்படி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
"இன்றைக்கு இல்லை. ஆனால் பொய் சொல்லவில்லை,
நேற்று இருந்தது, இவனைக் கேளுங்கள்" என்றேன்,
வீட்டுப்பாட நோட்டைத் தொலைத்த பையன் குரலில்.
ஒனோஃப்ரே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்,
காது மட்டும் எங்கள் பக்கம்.

"அப்படியென்றால் நேற்றையதைச் சொல்லுங்கள்."

தொடங்கினேன். எங்கிருந்து என்று தெரியாமல்
கத்தரியிலிருந்து, கொட்டகைக் குளிரிலிருந்து,
குனிந்தே இருப்பதிலிருந்து.
பாதியில், விலா எலும்புக்குக் கீழே,
அதே இடத்தில்,
மெல்லக் கதவைத் தட்டியது.

"இதோ" என்றேன்,
விருந்தாளியை வாசலில் கண்டவன்போல எழுந்து,
"இதோ வந்துவிட்டது, டாக்டர்!"