மூன்று சதவீதம்

எடை போடுவது என் வேலை.
இருபது கிலோ கம்பளிக்கு அறுநூறு கிராம்,
நூற்றுக்கு மூன்று. மேலே போனால்
கம்பளி முறுகும், நூல் பொடியும்.
கீழே போனால் கறுப்பு நிற்காது,
முதல் மழையிலேயே பாதிரியார் அங்கி அழுதுவிடும்.

டைகுரோமேட். செம்மஞ்சள் படிகம்.
கற்கண்டு என்று ஒரு புதுப் பையன் வாயருகே கொண்டுபோனான்,
கையைத் தட்டிவிட்டேன்.
செர்வோ ஆற்றங்கரையில், பியெல்லாவின் எல்லா ஆலைகளுக்கும்
பீப்பாயில் வருகிறது.
பீப்பாய்மேல் எடையைத் தவிர ஒன்றும் எழுதியிருக்காது.

தொட்டியடியில் நிற்பவள் எர்மெலிந்தா.
வலது சுட்டுவிரல் கணுவில் ஒரு துளை,
மிளகு உட்காரும் அளவு.
வலிக்கவில்லை என்கிறாள். அதுதான் அதன் குணம்.
மூக்கின் நடுத்தண்டிலும் ஒன்று விழுந்துவிட்டது;
குனிந்து மூச்சுவிட்டால்
மெல்லிய சீழ்க்கை.
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன், அவள் வருகிறாள் என்று.

உப்பேறிய கம்பளியை வெளிச்சம் படாமல் மூடவேண்டும்.
பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மறந்துபோனாள்.
திங்களன்று பார்த்தால்
துணிமேல் சன்னல்:
நான்கு கண்ணாடியும் பச்சை,
சட்டத்தின் நிழல் விழுந்த இடம் மஞ்சள் சிலுவை.
கிழவர் இருவர் நெஞ்சில் குறி போட்டுக்கொண்டார்கள்.
மேஸ்திரி இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்.

படக்காரர் ஓரெஸ்தேவிடம் இதைச் சொன்னது நான்தான்.
சிரித்தார். அவர் தொழிலே அதுதானாம்:
பிசின், விளக்குக்கரி, இதே உப்பு
குழைத்துத் தாளில் பூசி வெயிலில் வைப்பது.
வெளிச்சம் பட்டது இறுகும்.
படாதது தண்ணீரோடு போகும்.
நூறு கிராம் கேட்டார்.
கொடுத்தேன். ஏட்டில் எழுதவில்லை.
ஐந்து தொட்டியில் இருபது இருபதாகக் குறைத்தேன்.
காசு வேண்டாம், அவளைப் படம் எடுங்கள் என்றேன்.

ஞாயிறு உடுப்பில் வந்தாள், கையுறையோடு.
கழற்றச் சொன்னார்.
பிறகு ஈரத்தாளில், தூரிகை நுனியால்
கணுவிலிருந்த கரும்புள்ளியை அவர் கழுவப்போக
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்:
"இருக்கட்டும். வேறெங்கும் இதை யாரும் எழுதிவைக்கவில்லை."

வேலை முடிந்த உப்பு பச்சையாகிவிடும்,
அப்புறம் அவ்வளவாகக் கடிக்காது என்கிறார்கள்.
கம்பளியிலோ தாளிலோ தோலிலோ
எதிலாவது அது தன் வேலையை முடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஐந்து கறுப்புத் துணிக்கட்டுகள்
தூரின் நகரத்திலிருந்து திரும்பி வந்தன. சாயம் போகிறதாம்.
தொட்டிக்காரியைக் கூப்பிட்டார்கள்.
சீழ்க்கை என் அறையைத் தாண்டி
மாடிப்படி ஏறியது.
நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
துடைத்த தட்டையே.