பன்னிரண்டு மூக்குகள்

அக்டோபர் கடைசியில் ஹீட்டரைப் போட்டேன்.
அன்றிலிருந்து என் மாணவர்கள்
ஸ்டீயரிங்கில் கை வைத்ததும்
ஜன்னலை இறக்கினார்கள்.
வெளியே இரண்டு டிகிரி.
பதற்றத்தில் வியர்க்கிறதாக்கும் என்று இருந்துவிட்டேன்.
இருபத்தாறு வருடமாகப் பானெவேஜீஸில்
கார் ஓட்டச் சொல்லித்தருகிறேன்,
பயம் எனக்குப் பழகிய பயணி.

போன குளிர்காலத்துக் காய்ச்சல்
போகிறபோது என் மூக்கையும்
கூட்டிக்கொண்டு போய்விட்டது.
காபி எனக்கு வெந்நீர்.
பெட்ரோல் வெறும் ஈரம்.
யாரிடமும் சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது,
காலா கையா போனது?

ஸ்கிர்மாந்தாஸ் ஒருநாள் புது ஷூவில் வந்தான்,
அடுத்த வாரம் இன்னொரு புது ஷூ.
கிந்த்விலே நான் பார்க்காதபோது
தன் சட்டைக் கையை முகர்ந்தாள்.
பல் டாக்டரின் மகன்
ஒரு மணி நேரமும் வாயே திறக்கவில்லை.
பன்னிரண்டு பேர்,
ஒவ்வொருவரும் தான்தான் என்று
நினைத்திருக்கிறார்கள்.

யாத்விகாதான் சொன்னாள்.
வயது அறுபத்தொன்று.
பால் தொழிற்சாலையில் முப்பது வருடம்
கேன் கேனாக முகர்ந்து
ஆகும், ஆகாது என்று சாக்பீஸால் குறித்தவள்.
கணவர் போனபின்
அவர் காரை விற்க மறுத்து
ஓட்டப் பழக வந்தவள்.
பெல்ட்டைப் போட்டாள். கழற்றினாள்.
"ரிம்வீதாஸ், உங்கள் காரில்
ஏதோ செத்துக் கிடக்கிறது."

பேக்கரிக்குப் பின்னால் நிறுத்தினோம்.
நான் குமிழைத் திருக,
அவள் காற்று வரும் துவாரத்தில் மூக்கை வைத்தாள்,
சாவித்துவாரத்தில் காது வைப்பவள் போல.
குளிர்காற்று. "கொஞ்சம்."
சூடு. "அய்யோ."
இனிப்பாக இருக்கிறதா, கூலன்ட் கசிந்தால் இனிக்குமே?
"இனிப்பு இல்லை."
ஈரச் சாக்ஸ்?
"அதுவும் ஓரமாய் இருக்கிறது.
ஆனால் அது விருந்தாளி.
வீட்டுக்காரன் வேறு."
உள்காற்றே சுற்றட்டும் என்று பொத்தானை அழுத்தினேன்.
"கூடுகிறது."
அப்படியானால் வெளியிலிருந்து இல்லை.
காலடிக்குத் திருப்பினேன்.
அவள் குனிந்தாள், நகர்ந்தாள்,
என் முழங்காலுக்கு எதிரே இருந்த பெட்டியை
முட்டியால் தட்டினாள்.
"இங்கே."

மூன்று திருகுகள். ஒன்றுக்குக் காசுதான் உதவியது.
ஃபில்டர் கரியாய் வந்தது,
மடிப்புகளில் லிண்டன் இலைகள்.
அதற்கும் பின்னால், விசிறியின் வாயில்,
ஒரு கைப்பிடி அளவுக் கூடு.
சீட்டுப் பஞ்சு, இலைக் காம்பு,
நாடா நாடாகக் கிழித்த காகிதம்.
அதில் என் எழுத்து:
யார் முதலில் செல்ல
மாதிரித் தேர்வுத் தாள்கள்.
பெட்டியில் வைத்து மறந்தவை.
நடுவில், வாலைச் சுற்றிக்கொண்டு,
எலி.

கூட்டை முகத்தருகே கொண்டுபோனேன்.
ஒன்றும் இல்லை.
யாத்விகா இரண்டடி பின்வாங்கி
வாயைப் பொத்தியபடி என்னைப் பார்த்தாள்.
"உங்களுக்கு வரவில்லையா?"
"இல்லை," என்றேன்.
"எப்போதிலிருந்து?"
"பிப்ரவரி."
அவள் பரிதாபப்படவில்லை.
"இருக்கிறவர்கள் மட்டும் சொன்னார்களா?" என்றாள்.

வினிகரில் துடைத்தோம்.
நான்கு கதவும் திறந்து கிடக்க
பேக்கரிக்காரி எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

"இப்போது நீங்கள் சொல்லுங்கள்," என்றாள் யாத்விகா,
"நான் எப்படி ஓட்டுகிறேன்?"
ஐந்து வாரமாக
நன்றாக வருகிறது என்றுதான் சொல்லிவந்தேன்.
"கண்ணாடியை நீங்கள் பார்ப்பதே இல்லை.
ஒருமுறைகூட.
நவம்பர் தேர்வுக்கு ஆகாது."
தலையசைத்தாள்,
கேனில் குறி போடுகிறவள் போல.
ஏறி உட்கார்ந்து கண்ணாடியை நிமிர்த்தினாள்.
அதில் மாவு மூட்டைகள், ஒரு சைக்கிள்,
குப்பைத் தொட்டி.
பார்த்தாள்.
மறுபடி பார்த்தாள்.
பிறகுதான் இண்டிகேட்டர்.

மறுநாள் ஸ்கிர்மாந்தாஸ்,
மூன்றாவது ஜோடியில்.
கதவைச் சாத்தினான். மெதுவாய் மூச்சிழுத்தான்.
காலைக் குனிந்து பார்த்து
தனக்குள் சிரித்துக்கொண்டான்.
சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.
பச்சை விழுந்தது.