லாம்

ஏழு பேர் கொண்ட நிபுணர் குழுவில்
நான் எட்டாவது ஆள்.
குறிப்பெடுப்பவள்.
வருகைப் பதிவேட்டில் எனக்குக் கட்டம் கிடையாது.

மேட்டூர் திறந்த ஆறாம் நாள்
நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் நின்றோம்.
'நுங்கும் நுரையுமாக' என்று எழுதத்தான் கை போனது.
முதல் தண்ணீரில் முன்னால் வந்தது
ஷாம்பு பாக்கெட்.

லஸ்கர் பக்கிரிசாமி துறட்டியால்
ஷட்டரில் சிக்கியதை இழுத்து இழுத்துப் போட,
தார்ப்பாயில் பரப்பி எண்ணினோம்.
பால் கவர் நானூற்றுப் பன்னிரண்டு.
தண்ணீர் பாட்டில் தொண்ணூறு.
ஒரு ரூபாய் பாக்கெட்
மூவாயிரத்துக்குப் பிறகு எண்ணிக்கை தவறியது,
மறுபடி ஒன்றிலிருந்து.

பொருளாதாரம் படித்த அறவாழி தராசு கேட்டார்.
எடை போட்டால் குற்றவாளி பாட்டில்.
எண்ணினால் குற்றவாளி பாக்கெட்.
எதை வைத்து அபராதம், எதை வைத்து விலக்கு?
முக்கால் மணி நேரம் வழக்காடினார்கள்.
அதற்குள் பாமணியாற்றில் ஒரு பங்கு போய்விட்டது,
முத்துப்பேட்டை அலையாத்தி வேர்களுக்கு.

முனைவர் நூருன்னிசா
சிப்ஸ் உறை ஒன்றை வெயிலில் பிடித்துக் காட்டினார்.
"மூணு அடுக்கு. பிரிச்சா விலை போகும்.
பிரிக்கத்தான் வழியில்ல."
"வெங்காயமே பரவால்ல" என்றார் பக்கிரிசாமி.
எழுதிக்கொண்டேன். பிறகு தலைவர் அடித்துவிட்டார்,
சான்றாகாது என்று.

கம்பெனிகளின் சார்பில் வந்தவர்
சின்ன பாக்கெட் ஏழைக்கு வசதி என்றார்.
கொரடாச்சேரி தூய்மைக் காவலர் ராசகிளியைப்
பேச அழைத்திருக்கவில்லை. பேசினார்:
"எனக்கும் வசதிதான் சார்.
காலி பாக்கெட்டுதான் யாருக்கும் வசதியில்ல.
காயலாங்கடைல இதுக்குத்
தராசே எடுக்க மாட்டேங்கறான்."
இதை யாரும் அடிக்கவில்லை.

தஞ்சாவூர் விருந்தினர் மாளிகை.
மின்விசிறிக்குக் கீழே பதினான்காம் பத்தி:
'தயாரிப்பவர்களே காலி உறைகளைத்
திரும்பப் பெற வேண்டும்.'
சட்ட அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார்.
ஆலோசனைக் குழு ஆணையிடக் கூடாது.
'பெறலாம்' என்று போடுங்கள், அம்மா.

போட்டேன்.
நாலெழுத்துக்குப் பதில் இரண்டெழுத்து.
ஒரு ஆறு நுழைந்து போக
அந்த இடைவெளி போதும்.

பரிந்துரை என்ற சொல்லை
அன்றிரவு தட்டச்சு செய்யும்போதுதான் உடைத்துப் பார்த்தேன்.
பரிந்து, உரை.
யாருக்காகப் பரிந்தோம்?
தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது.

நூருன்னிசா மட்டும் கையெழுத்துப் போடாமல்
மாறுபட்ட கருத்து என்று ஒன்றரைப் பக்கம் கொடுத்தார்.
"எண்ணிக்கையையும் எடையையும்
பக்கத்துப் பக்கத்துல போடு.
கேக்காமப் போகட்டும்.
தெரியாதுன்னு சொல்ல முடியாதபடி போடு."
மூன்றாம் இணைப்பில் போட்டேன்,
ராசகிளியின் தராசையும் சேர்த்து.

பத்து மாதம் கோப்பு தூங்கியது.
விழித்தபோது பதினான்காம் பத்தியே அதில் இல்லை.
'லாம்' கூட இல்லை.
ஆனால் மூன்றாம் இணைப்பிலிருந்து ஒரு வரி
எப்படியோ ஆணைக்குள் ஏறியிருந்தது:
எடையால் மட்டுமல்ல, எண்ணிக்கையாலும்
கணக்கிடப்படும்.
தலைப்பு மதகுகளில்
தினசரிப் பதிவேடு பராமரிக்கப்படும்.

அறவாழி தொலைபேசியில் சிரித்தார்.
தான் தோற்ற வாதம் அது. சிரிப்பு நல்லபடியாகத்தான் இருந்தது.

இந்த ஜூனில், மழைக்கு முன்னால் ஒரு சாயங்காலம்
பக்கிரிசாமி கூப்பிட்டார்.
கோடு போட்ட நோட்டு வந்துவிட்டதாம்.
பேனா அவர்தான் வாங்கினாராம்.
பின்னால் தண்ணீர் இரைந்தது.

"பாக்கெட்டு இன்னிக்கும் வருதும்மா,
கொஞ்சம் கம்மியான்னு சொல்ல முடியல.
ஒரு சந்தேகம்.
நாயித்துக்கெழமையும் எழுதணுங்களா,
எழுதலாங்களா?"

எழுதணும் என்றேன்.
எனக்கு அந்த அதிகாரம் இல்லை.