கடி எண்ணுகிற வேலை

வாலிநோக்கம் சாலையில் உப்பளம் தாண்டி
வலையடித்த கூடாரம் ஒன்று.
உள்ளே நாற்பது கருவை, தொட்டியில்.
வெளியே கடல் வரைக்கும் கருவை,
தொட்டி இல்லாமல்.

எண்ணுவது என் வேலை.
ஒரு கிளைக்கு எத்தனை கடி,
கடித்த இடத்தைச் சுற்றி எத்தனை புள்ளி,
புள்ளி பழுப்பா கறுப்பா.
சாயங்காலம் நோட்டில் கையெழுத்து.
கூலி நானூற்று இருபது.

முதல் வருஷம் வண்டை மட்டும் விட்டார்கள்.
தின்ற இடத்தில் இரண்டாய்த் துளிர்த்தது.
அடுத்த வருஷம் பூஞ்சையை மட்டும் தெளித்தார்கள்.
பட்டைமேல் பவுடராய் நின்று
கச்சான் அடித்ததும் உதிர்ந்தது.

இந்த வருஷம் இரண்டும் சேர்த்து.
வண்டு கன்னம் வைக்கிறது.
அதன் கால் மயிரில் ஒட்டிவந்த பூஞ்சை
அந்தத் துளை வழியே போய்க்
குடியிருக்கிறது, வாடகை இல்லாமல்.
ஹபீபா மேடம் ஒரு குச்சியைப் பிளந்து காட்டினார்.
தண்ணீர் ஏறும் பாதையில்
கரிக்கோடு.

கரி என்றதும் எனக்கு வீடு.
நம்புவேல் மூட்டம் போடுகிறவர்.
கருவை வெந்துதான் எங்கள் உலை,
கருவை வெந்துதான் மகளுக்குப் பரமக்குடியில் நர்சிங்.
கண்மாய்க்குள் கால்வைக்க இடமில்லை என்று
அதைத் திட்டுகிறவரும் அவர்தான்.
முள் ஏறிய குதிகால் இன்னும் வடியவில்லை.
தினமும் கை கழுவும்போது கேட்பார்:
"இன்னைக்கு எத்தனை போச்சு?"
"ஒண்ணு" என்பேன்.
மூன்று போயிருக்கும்.

பக்கத்து வரிசையில் நம் உடை, வன்னி.
அதில் ஒரு பல் பட்டாலும்
மொத்தத்தையும் எரித்துவிட வேண்டுமாம்.
அங்கே பூஜ்யம் போடும்போது மட்டும்
பேனா தாள் கிழிய அழுந்தும்.

வெள்ளிக்கிழமை கணக்கில் ஒரு வண்டு குறைந்தது.
ஏழு பேர் டார்ச் அடித்துத் தேடினோம்.
வீட்டுக்கு வந்து உதறினால்
முந்தானை மடிப்பில் உட்கார்ந்திருக்கிறது,
எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாய்.

தீப்பெட்டியில் போட்டேன்.
அவர் வாங்கித் திறந்து
விளக்கடியில் ரொம்ப நேரம் பார்த்தார்.
கரி ஏறிய கட்டைவிரலின் நிழல்
அதன்மேல் விழுந்து, நகரவே இல்லை.

பிறகு எழுந்து வேலிப்பக்கம் போனார்.
கருவைக் கொழுந்து ஒன்றைக் கிள்ளிவந்து
உள்ளே வைத்து மூடினார்.

"விடிஞ்சதும் கொண்டுபோய்க் குடுத்துரு.
கணக்கு இடிச்சா
ஒங் கூலியிலதான் பிடிப்பாய்ங்க."