கோடிட்ட இடம்

இன்னும் நடக்காத விபத்துக்கு
இன்று காலை இரங்கல் எழுதினேன்.
பேரணாம்பட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால்
எங்கள் ஷூ கம்பெனி, மாடியில் மீட்டிங் அறை.
வெளியே நூற்றெட்டு டிகிரி.

"______ தேதி ______ மணியளவில்
எமது தொழிற்சாலையின் ______ பிரிவில்
நிகழ்ந்த ______ குறித்து
ஆழ்ந்த வேதனை அடைகிறோம்."

ஐந்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி
கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டியதுதான்.
வேதனைக்கு மட்டும் கோடு இல்லை.
அது முன்பே அச்சாகிவிட்டது.

சென்னையிலிருந்து வந்த ஆலோசகர்
வியர்வையைத் துடைத்தபடி சொன்னார்:
முதல் ஒரு மணி நேரம்தான் எல்லாம்.
அதற்குள் நாம் பேசாவிட்டால்
வாட்ஸ்அப் பேசிவிடும்.
சரியாகத்தான் சொன்னார், குறித்துக்கொண்டேன்.
'அலட்சியம்' என்ற சொல்லே கூடாது.
'வருந்துகிறோம்' போடலாம்,
'மன்னியுங்கள்' போட்டால் வக்கீல் அடித்துவிடுவார்.

யாருக்கு முதலில் போன்?
ஜெர்மனி பையர், இன்சூரன்ஸ், வக்கீல்,
தாசில்தார், இன்ஸ்பெக்டர், இரண்டு நிருபர்கள்.
பதினேழாவது வரியில்
'குடும்பத்தினர் (தேவைப்பட்டால்)'.

தேவைப்பட்டால் என்று
ரெஜிஸ்டரை எடுத்துவரச் சொன்னேன்.
பசை ஒட்டும் பிரிவில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.
அவசரத் தொடர்பு எண் என்ற கட்டத்தில்
முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை
ஒரே எண்:
லேபர் கான்ட்ராக்டர் கஜபதியுடையது.

சாப்பாட்டு மணியில் நோட்டோடு இறங்கினேன்.
"எதுக்கு மேடம் நம்பர்?"
சும்மா, ரெக்கார்டுக்கு.
"போனஸுக்கா, கருமாதிக்கா?"
கேட்டது ஏரிகுத்தி அம்சவேணி.
வரிசையே சிரித்தது, நானும் சிரித்தேன்,
பிறகு பேனா எழுதவில்லை.

ஜெயமேரி மளிகைக்கடை நம்பர் கொடுத்தாள்.
ஒருத்தி, "அந்தாளு எடுக்க மாட்டான்,
எம்பொண்ணுக்குப் பண்ணுங்க,
நாலு மணிக்கு மேல, ஸ்கூல் விட்டதும்" என்றாள்.
போய்த் திரும்பி வந்து,
"அவகிட்ட மெல்ல சொல்லுங்க" என்றாள்.
அம்சவேணி தன் நம்பரையே தந்தாள்.
"எனக்கு ஏதாச்சும் ஆனா
எனக்கே அடிங்க மேடம்.
எடுக்கலேன்னா தெரிஞ்சுக்குங்க."

டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே யாரோ கேட்டார்கள்:
"நம்பர் கெடக்கட்டும், பின்கதவுச் சாவி யார்கிட்ட?"

ஷூ அடிப்பாகம் திருடு போகிறதென்று
மார்ச்சில் பூட்டிய கதவு.
சாவி ஸ்டோர் கீப்பர் சிகாமணியிடம்.
சிகாமணி குடியாத்தத்தில்,
கெங்கையம்மன் சிரசு பார்க்கப் போனவர்
செவ்வாய்க்கிழமைதான் வருவாராம்.
ஆலோசகரின் கேள்வி-பதில் தாளில்
ஒன்பதாவது கேள்வி:
அவசர வழி திறந்திருந்ததா?
பதில் தயாராக இருந்தது:
விசாரணை நடப்பதால் கருத்துக் கூற இயலாது.

மாடிக்கு வந்து
இரங்கலைத் திறந்து கோடுகளை நிரப்பினேன்.
இன்றைய தேதி.
இரண்டு நாற்பது.
பசைப் பிரிவு.
கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்:
பின்கதவு பூட்டியிருந்தது.
மேலே 'ஒத்திகை மட்டும்' என்றிருந்ததை
அழித்துவிட்டு
முதலாளி முனவ்வர் சாருக்கு அனுப்பினேன்.

நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.
"எத்தனை பேரும்மா?"
அந்தக் குரலை அதற்குமுன் கேட்டதில்லை,
வக்கீலும் பையரும் இல்லாத குரல்.
இன்னும் யாரும் இல்லை சார், என்றேன்.
சாவிதான் இல்லை.

மூச்சு. பிறகு திட்டு.
ஆலோசகர் லேப்டாப்பை மூடினார்.
என் வேலை இருக்குமா என்று தெரியவில்லை.
ஆனால் நாலரைக்கு
மேல்பட்டியிலிருந்து வெல்டர் வந்தான்.
கதவு சரிந்ததும்
வேலிக்கருவேல வெயில் உள்ளே விழுந்தது,
பசை நெடி கொஞ்சம் வெளியே போனது.
பெண்கள் ஒரு நொடி நிமிர்ந்தார்கள்.
டார்கெட் இருந்ததால் குனிந்துகொண்டார்கள்.

ஐந்தே முக்காலுக்கு கம்பெனி பஸ் புறப்பட்டது.
ஏழு மணிக்கு அம்சவேணி நம்பருக்கு அடித்தேன்.
இரண்டாவது ரிங்கில் எடுத்தாள்.
"சொல்லுங்க."

இதற்கு மட்டும்
நான் எதுவும் எழுதிவைத்திருக்கவில்லை.