மூன்றாம் ரீலில் சேலைக்காரர்

பந்தடித் தெருக்களுக்குப் பின்னால்
தகரக் கொட்டகை. ஒற்றை மெஷின்.
ரீலுக்கு ரீல் விளக்குப் போடுவார்கள்.
ஒரு காதல் கைகூடுவதற்குள்
நான் பத்துத் தடவை சோடா விற்றாக வேண்டும்.

காதலன் சீமையில் படித்த பாரிஸ்டர்.
காதலி அவனை "நாதா" என்றாள்.
மதுரையில் எவளும் எவனையும்
அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.
தரை டிக்கெட் மொத்தமும் "நாதா, நாதா" என்று
முதுகில் தட்டிக்கொண்டு புரண்டது.

கடிதம் மாறும். ஒட்டுமீசை கழன்று விழும்.
மாமனார் கட்டிலுக்கடியில் தும்முவார்.
இடையிடையே சிரிப்புக்கென்று ஆட்கள்:
வட்டிக் கணக்கில் திக்கும் மார்வாடி,
பாதி ஆங்கிலம் பேசும் பட்லர்.
எங்கள் ஆளும் ஒருவன் வந்தான், வண்டியோட்டி.
வசனம் கிடையாது. பாரிஸ்டர் அறைந்தார்.
பேசும் படத்தில் எங்களுக்கு வாய்த்த சத்தம் அது;
நன்றாகவே பதிவாகியிருந்தது.

மூன்றாம் ரீலில்
சேலை மூட்டையோடு ஒரு பட்டுநூல்காரர்.
பதினோரு விநாடி.
கையும் கையும் தொடப்போகும் நேரம் கதவைத் தட்டி
தன் பாஷையில் படபடவென்று ஏதோ சொல்வார்.
புரியாததே வேடிக்கை என்று கொட்டகை அதிரும்.
அதிர்ந்து அடங்கியபின்
தட்டிக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில்
தனியாக ஒரு சிரிப்பு. தினமும்.

கமலூபாய்.
சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர்,
அதற்கென்று ஒரு விரலில் மட்டும் நீள நகம்.
புருஷன் கோவர்த்தனம் பம்பாய் போய் ஏழு மாதம்.
"உன் பாஷையில எதையாவது பேசுய்யா, சிரிப்பாங்க"
என்றாராம் டைரக்டர்.
அவர் எதையாவது பேசவில்லை.

என்ன சொன்னார் என்று விசாரித்தேன்.
சம்பளம் இன்னும் வரவில்லை என்கிறார்,
இது அரிசிக்கடை ராமய்யர்.
அதெல்லாமில்லை, பாரிஸ்டர் காலுறை நாறுகிறதாம்,
இது அவர் மச்சினர்.
ஆட்டை விற்றுவிடாதே என்றாராம்,
இது ஆட்டை விலை பேசிக்கொண்டிருந்த ஒருவர்.
கமலூபாயிடம் கேட்டேன்.
காலணாவை வைத்துவிட்டுச் சோடாவோடு உள்ளே போனார்.

பன்னிரண்டாம் நாள் பிலிம் அறுந்தது.
ஆப்பரேட்டர் வெட்டினார், ஒட்டினார், ஓட்டினார்.
மார்வாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அறையும் பத்திரம்.
கமலூபாய் தட்டியைத் தள்ளிக்கொண்டு
ஆண்கள் பக்கமே வந்து நின்றார்.
"ஒரு வார்த்தை குறையுது."
"சேலைக்காரன் உளறல்தானேம்மா, போனாப் போகுது."
அவர் போகவில்லை.
நாலாம் ரீல் முழுக்க அங்கேயே நின்றார்,
பாரிஸ்டரின் காதல் அவர் தலை நிழலில் நடந்தது.

மெஷினுக்கடியில் பீடித் துண்டுகளோடு கிடந்தது,
விரல் நீளம்.
மறுநாள் உச்சி வெயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
தெருவில் நின்றே தூக்கிப் பிடித்தார்.
கட்டம் கட்டமாகக் கோவர்த்தனம்,
வாய் திறந்தபடி, மூடாமல்.
ஓரத்தில் மேலிருந்து கீழாக
மயிரிழைக் கோடுகள், நெருங்கியும் விலகியும்.
அதுதான் குரல் என்று ஆப்பரேட்டர் சொல்லியிருந்தார்.

சேலைக் கரையைப் பார்க்கிற கண்ணோடு
வெகுநேரம் பார்த்தார்.
நீள நகத்தால் ஓரிடத்தைத் தொட்டார்.
"இழை நெருக்கமா இருக்கில்ல,
இங்கதான் என் பேரைச் சொல்றார்."

"மீதி?"

"மீதி சோடாக்காரருக்கு எதுக்கு?"